பொன்னுருவி யாருப்பா?

போன வருஷம் வைகாசியில் எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயில் கூத்துக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கர்ண மோட்சம். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் நின்று பாடிய கர்ணன் திரை விலகி ஒரு சுற்று சுற்றியபோது மணி பதினொன்று தாண்டியிருக்கும். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் ஃபோகஸ் லைட்டில் மின்னின. அடுத்து பொன்னுருவி வந்தாள். ஐம்பது வயது தாண்டிய ஒருவர் கட்டிய பெண் வேஷம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கர்ணனைப் பார்க்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பாட்டு பாடினார்.

மகள் என் காதருகே வந்து கேட்டாள். "பொன்னுருவி யாருப்பா?"

"கர்ணனோட சம்சாரம்."

"அப்ப ஏன் மூஞ்சிய திருப்பிக்கிறாங்க?"

நான் சொல்லத் தொடங்குவதற்குள் பாட்டு முடிந்து கட்டியங்காரன் பேச ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு வந்தது, போனது. அடுத்த கால் மணி நேரத்தில் மகள் போனை எடுத்துவிட்டாள். நான் திட்டவில்லை. கதை புரியாமல் ஒரு பிள்ளை எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்கும்?

அதற்கு நான்கு மாதம் முன்னால் இதே பெண்ணை எழும்பூர் மியூசியம் தியேட்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குழு ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' போட்டது. கவரைப்பேட்டையில் ரயில் ஏறி மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். டிக்கெட் விலை என் சம்பளத்துக்குக் கொஞ்சம் கூடுதல்தான். 1896இல் கட்டிய அந்த அரைவட்ட அரங்கில் ஒரு இடம்கூடக் காலியில்லை. ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் முன்பே எல்லோரும் உட்கார்ந்து போனை அணைத்துவிட்டார்கள். நாடகம் பழைய ஆங்கிலத்தில், வேகமாக ஓடும் வசனத்தில் நடந்தது. எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. ஆனால் மகள் இரண்டரை மணி நேரம் அசையவில்லை. எனக்கு அவள்தான் கதை சொன்னாள். "அவன்தான் ஏரியல்பா, மந்திரவாதிக்கு வேல செய்யற ஆவி. இப்ப பாருங்க, புயல் போலின்னு தெரிஞ்சிடும்."

அவளுக்கு எப்படித் தெரிந்தது? பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் அந்தக் கதை துணைப்பாடமாக இருந்தது. டீச்சர் வகுப்பில் சொன்னார், பரீட்சைக்குப் படித்தாள், பாத்திரங்களின் பெயரை எழுதிப் பார்த்தாள். எழும்பூருக்கு வருவதற்கு முன்பே ஏரியலும் காலிபனும் அவளுக்குத் தெரிந்தவர்கள். பொன்னுருவியைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதில்லை. அப்பனான நானும் சொன்னதில்லை.

இதை நினைத்து நினைத்துத்தான் ஒரு வருஷமாக மனசு ஆறவில்லை. "நம்ம ஜனங்களுக்கு வெளிநாட்டு நாடகம்னா உசத்தி, உள்ளூர்க் கூத்துன்னா எளக்காரம்" என்று பேசுவது சுலபம். நானே பல தடவை பேசியிருக்கிறேன். அந்த ராத்திரிக்குப் பிறகு அப்படிப் பேச முடியவில்லை. என் மகளுக்கு டெம்பஸ்ட் உள்ளூராகிவிட்டது, கர்ண மோட்சம் வெளிநாடாகிவிட்டது. இதற்கு ரசனையைக் குறை சொல்லி என்ன பயன்?

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தேர்வாய் கண்டிகை கும்மிடிப்பூண்டி தாலுகாவில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சத்தியவேடு எட்டிப் பிடிக்கும் தூரம். வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. 1,100 ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலமாக இருந்த இடத்தில்தான் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மாடு மேய்த்த ஜனங்கள் எதிர்த்துப் போராடியும் வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் மிச்செலின் டயர் ஆலை இங்கேதான் இருக்கிறது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் ஏரியையும் சேர்த்துக் கட்டிய நீர்த்தேக்கத்தை 2020 நவம்பரில் திறந்தார்கள். 500 மில்லியன் கன அடி, சென்னைக்குக் குடிக்க. சின்ன வயதில் பக்கத்து ஊர்க் கூத்துக்குக் கையில் லாந்தரோடு வரப்பு மேல் நடந்து போவோம். அந்த வரப்புகளில் சில இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. நான் சிப்காட்டில்தான், ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். குறை சொல்லவில்லை, வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் காலை ஆறு மணி ஷிப்ட் வந்த அன்றே விடிய விடியக் கூத்து பார்ப்பது முடிந்துபோனது.

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்குப் பொன்னுருவியைத் தெரியும், சுபத்திரையைத் தெரியும், அரவானைத் தெரியும், கீசகனைத் தெரியும். எப்படிம்மா என்று கேட்டேன்.

"பாரதம் கேட்டேன், வேற எப்படி? மத்தியானம் சோறாக்கிட்டு எல்லாரும் கோயிலுக்குப் போயிடுவோம். பாரதம் சொல்றவரு வந்து உக்காந்து ரெண்டு மணி நேரம் சொல்லுவாரு. பாட்டா பாடி அர்த்தம் சொல்லுவாரு. அன்னிக்கு ராத்திரி கூத்துல அதே கதைய ஆடுவாங்க. கதை தெரிஞ்சிதான் பாக்கப் போவோம். தெரியாம போனா எப்படி அழறது?"

தெரியாமல் போனால் எப்படி அழுவது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது அது.

திரௌபதியம்மன் திருவிழாவின் கட்டுமானமே அப்படித்தான். பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கும் மேலே. பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம். ராத்திரியில் ஜமா என்கிற கூத்துக் குழு வந்து கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை நாளுக்கு நாள் நகரும். கடைசியில் மண்ணில் பெரிதாகச் செய்த துரியோதனனை வதைக்கும் படுகளம், சாயங்காலம் தீமிதி. பகலில் காதால் கேட்டது ராத்திரி கண்ணுக்கு முன்னால் வரும். பிரசங்கம் கூத்துக்குத் தயார் செய்யும். கூத்து மறுநாள் பிரசங்கத்துக்கு ஆள் சேர்க்கும்.

எங்கள் ஊரில் முதலில் போனது பிரசங்கம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பகலில் ஊரில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆண்கள் சிப்காட்டில், பெண்கள் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில். வெறும் பந்தலுக்குக் கதை சொல்ல எதற்கு ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு பத்து ராத்திரிக் கூத்து ஐந்தாகி, மூன்றாகி, ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றையும் இரண்டு மணிக்குள் முடிக்கச் சொல்கிறோம். எட்டு மணி நேரம் ஆட வேண்டியதை மூன்றரை மணி நேரத்துக்குள் அடைத்தால் எதை வெட்டுவது? பாட்டை வெட்டுகிறார்கள். கர்ணனும் பொன்னுருவியும் தர்க்கம் செய்கிற இடம் பாட்டிலேதான் இருக்கிறது. அதை வெட்டிய பிறகு அவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று என் மகளுக்கு எப்படிப் புரியும்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியரும் இங்கிலீஷ்காரர்களுக்குத் தானாகப் புரிந்துவிடவில்லை. சார்லஸ் லாம், மேரி லாம் என்ற அக்காள் தம்பி இரண்டு பேரும் 1807இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பிள்ளைகள் படிக்கிற உரைநடைக் கதைகளாக எழுதினார்கள். என் மகள் பாடப்புத்தகத்தில் படித்த டெம்பஸ்ட் அந்தப் புத்தகத்தின் வழியாக வந்ததுதான். இருநூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பிரசங்கத்தை அவர்கள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, புத்தகத்தில் நடக்கிறது, நாடகத்துக்குப் போனால் வாசலில் கையில் கொடுக்கிற தாளில் நடக்கிறது. எழும்பூரில் எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். யார் யார், எந்தக் காட்சி எங்கே என்று அதில் இருந்தது. எங்கள் கோயில் வாசலில் நன்கொடைக்காரர்கள் பெயர் போட்ட ஃபிளெக்ஸ் இருந்தது. கதை எங்கேயும் இல்லை.

மூர் மார்க்கெட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கிற விக்டோரியா பப்ளிக் ஹாலை ரயில் ஏறப் போகும் போதெல்லாம் பார்க்கிறேன். அங்கே நாடகம் போட்ட பம்மல் சம்பந்த முதலியார் ஞாபகம் வரும். இங்கிலீஷ் படித்து ஷேக்ஸ்பியரில் மூழ்கிய இளைஞர். தமிழ் நாடகங்கள் மேல் அவருக்கு மதிப்பே இருந்ததில்லை என்று தன் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1891இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு குழு சென்னைக்கு வந்து தெலுங்கில் நாடகம் போட்டது. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி நடிப்பதைப் பார்த்துத்தான் அவருக்குத் தன் மொழி நாடகத்தின் மேல் ஆசை வந்தது. அதே வருஷம் சுகுண விலாச சபை பிறந்தது. பிறகு ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார்.

வெளியூர்க்காரனைப் பார்த்து நம்முடையது ஞாபகம் வருவது அன்றைக்கே இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் காலத்திலேயே ஒரு வாசல் மூடிக்கொண்டதாகத் தோன்றுகிறது. படித்தவர்கள் பார்க்கிற நாடகம் ஹாலுக்குள் போனது, டிக்கெட், நாற்காலி, மணி அடித்தால் திரை. கூத்து தெருவில் நின்றது. 'தெருக்கூத்து' என்ற சொல்லே ஏச்சு மாதிரி ஆனது. "இன்னாடா தெருக்கூத்து ஆடறே" என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் திட்டுவார்கள்.

இப்போது பாரிஸ் கதைக்கு வருகிறேன். எனக்கு இது தெரிந்ததே எங்கள் ஊருக்கு ஆட வரும் ஜமாவின் வாத்தியார் சொல்லித்தான். பாரிஸ் ஓரத்தில் வின்சேன் காட்டுக்குள் கார்ட்டூஷ்ரி என்று ஒரு இடம். முன்னே துப்பாக்கித் தோட்டா செய்த தொழிற்சாலை. 1970லிருந்து அரியான் முனுஷ்கினின் தியேட்டர் து சொலேய் குழு அங்கேதான் நாடகம் போடுகிறது. 2015 நவம்பரில் பாரிசில் தாக்குதல்கள் நடந்தன. அதற்குப் பிறகு அந்தக் குழு புதுச்சேரிக்கு வந்து தங்கியது. திருவண்ணாமலை மாவட்டம் புரிசையிலிருந்து கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் போய் அவர்களுக்குக் கூத்துக் கற்றுக்கொடுத்தார். 2016இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தைப் போட்டார்கள். அதற்குள்ளே பாஞ்சாலி துகிலும் கர்ணன் கதையும் கூத்தாகவே வந்தன. பல நாட்டு நடிகர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு தமிழில் பாடினார்கள். மேலே எழுத்தில் அர்த்தம் ஓடியது. 2017 டிசம்பரில் நியூயார்க்குக்கும் அந்த நாடகம் போனது. 2025இல் சம்பந்தன் தம்பிரானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தப் பாரிஸ் நாடகத்துக்கு முப்பது வருஷம் முன்னால், 1985இல், பீட்டர் புரூக் அவிஞோன் பக்கத்தில் ஒரு கல் குவாரியில் ஒன்பது மணி நேரம் மகாபாரதம் போட்டார். ஜனங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தார்கள். விடிய விடிய நாடகம் பார்க்க மனுஷனுக்கு இந்தக் காலத்தில் பொறுமை இல்லை என்று சொல்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வேன்.

பாரிஸ் கதையைக் கேட்டதும் கோயில் கமிட்டியில் ஒரு தம்பி துள்ளினார். "அண்ணே, ஃபிளெக்ஸ்ல 'பாரிஸ் புகழ் தெருக்கூத்து'ன்னு போட்டுடலாம்ணே, கூட்டம் பிச்சிக்கும்." நல்ல மனசோடுதான் சொன்னார். வாத்தியார் தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. ஒரு கல்யாணத்துல அப்படித்தான் மைக்ல சொன்னாங்க. ஆட்டம் முடிஞ்சி நாலு பேர் வந்தாங்க. பாரிசு எப்படி இருக்குது, நீ போனியா, விமானத்துல போனியான்னு கேட்டாங்க. நான் போகல. கர்ணனப் பத்தி ஒருத்தனும் கேக்கல."

அவர் சொல்வதுதான் எனக்கும் சரி. கூத்தை மதிக்கச் சொல்லும்போது நாம் உடனே வெளிநாட்டுச் சான்றிதழைத்தான் நீட்டுகிறோம். வெளிநாட்டு அறிஞர்கள் செய்த வேலை பெரியது, மறுக்கவில்லை. ஹில்ட்பைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றித் தடித் தடியாக எழுதினார். நெதர்லாந்திலிருந்து வந்த ஹன்னே டி புருயின், கூத்துக் கலைஞர் ராஜகோபாலோடு சேர்ந்து காஞ்சிபுரம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும், கூத்துப் பள்ளிக்கூடமே நடத்தினார். நம் ந. முத்துசாமியும் புரிசைக் கூத்தைப் பார்த்து மனசு மாறியவர்தான். 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழு பிறக்க அது ஒரு காரணம். இவர்கள் எல்லோரும் முதலில் உட்கார்ந்து பார்த்தார்கள், புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். மதிப்பு அதற்குப் பிறகு வந்தது.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் எங்கள் ஊரில் பதினைந்து பேர் கொண்ட ஜமாவுக்குக் கொடுத்தது முப்பதாயிரம். வேன் வாடகை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் பாட்டுக் கச்சேரிக்கு ஒன்றே கால் லட்சம். இசைக்குழுவுக்கு லாட்ஜில் ரூம் போட்டோம். கூத்துக்காரர்கள் பள்ளிக்கூட வராந்தாவில் அரிதாரம் பூசினார்கள். பொன்னுருவி கட்டுகிறவர் சின்னக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் செருகிவைத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் புருவம் எழுதினார். ஒரு கையில் போன், ஒரு கையில் குச்சி. போனை நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "பிடிங்க தம்பி" என்றார். அந்தப் புருவம் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் நின்றேன். பகலில் அவர் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்.

அந்த ராத்திரி இன்னொன்றும் நடந்தது. ஒரு மணிக்கு மேல் முன் வரிசையில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் வேப்ப மரத்தடியில் ஒரு கூட்டம் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் சிப்காட்டில் ஒப்பந்த வேலை செய்கிற ஒடிசா பையன்கள். அதில் ஒருவன் எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறான், கஞ்சம் மாவட்டத்துக்காரன். என்னடா புரிகிறது என்று கேட்டேன். அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். "எங்க ஊர்லயும் இருக்கு சார். பிரகலாத நாடகம். நைட் ஃபுல்லா. இதே மாதிரி டிரெஸ்." பாஷை தெரியாமல் அவன் ஆட்டம் முடிகிற வரை நின்றான். ராத்திரி முழுக்க எப்படிப் பார்ப்பது என்று அவன் ஊர் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இந்த வருஷம் கமிட்டியில் நான்கு பேர் சேர்ந்து ஒன்று செய்தோம். பகல் பிரசங்கம் நடக்காது என்று தெரியும். அதனால் கூத்துக்கு முந்தின மூன்று நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஜெனரல் ஷிப்ட் பஸ் வந்த பிறகு, ஒன்றரை மணி நேரம் பாரதம் சொல்ல ஏற்பாடு செய்தோம். பக்கத்துக் கிராமத்தில் பழைய பிரசங்கியார் ஒருவர் இருந்தார். ஏழு வருஷமாக யாரும் கூப்பிடவில்லையாம். வந்து உட்கார்ந்ததும் முதல் நாள் குரல் எழவில்லை. இரண்டாம் நாள் எழுந்தது. கூத்து நேரத்தையும் எட்டரைக்கு இழுத்தோம். வாத்தியாரிடம் பொன்னுருவி தர்க்கத்தை மட்டும் வெட்ட வேண்டாம், மற்றது உங்கள் இஷ்டம் என்றோம். "அத வெட்டாதீங்கன்னு எங்கிட்ட கேட்ட மொத ஊரு இதுதான்" என்றார்.

கூட்டம் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. முதல் நாள் பிரசங்கத்துக்கு முப்பது பேர், மூன்றாம் நாள் அறுபது இருக்கும். கம்பெனி யூனிஃபார்மோடு நேராக வந்து உட்கார்ந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். என் அம்மா தினமும் முதல் ஆளாகப் போய் இடம் பிடித்தார். மகள் மூன்றாம் நாள்தான் வந்தாள், பரீட்சை என்று சொல்லிக்கொண்டு.

அன்றைக்குப் பிரசங்கியார் பொன்னுருவி கதையைச் சொன்னார். வியாசர் பாரதத்தில் பொன்னுருவி கிடையாது. நம் ஜனங்கள் கர்ணனுக்குக் கட்டிவைத்த மனைவி அவள். கலிங்க ராஜா மகள். தேரோட்டி வளர்த்தவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று உள்ளுக்குள் குமைந்தவள். சாகப்போகிற போருக்குக் கிளம்புகிற கடைசி நேரத்தில்தான் புருஷன் குந்தி மகன் என்று அவளுக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு அவனைத் தடுக்கப் பார்க்கிறாள், அவன் நிற்கவில்லை. கலிங்கம் என்றால் ஒடிசா பக்கம் என்று நான் பேக்கிங் பையனிடம் சொன்னேன். அவன் உடனே போனில் யாருக்கோ ஒடியாவில் பேச ஆரம்பித்தான்.

கூத்தன்று பொன்னுருவி வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டபோது எங்களுக்குப் பின்னால் இரண்டு பொடியன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யார்ரா அது?"

"பொன்னுருவிடா. ராஜா பொண்ணு. அவரு யாருன்னு தெரியாம கோவமா கீறா. இரு, இப்ப அவரு சொல்லுவாரு பாரு."

கர்ணன் சொன்னார். தாளம் நின்றது. ஆர்மோனியம் மட்டும் ஒரே சுதியில் இழுத்துக்கொண்டிருக்க, அந்தச் செங்கல் சூளைக்காரர் மெதுவாகத் திரும்பி, முதல் தடவையாகக் கர்ணன் முகத்தைப் பார்த்தார். என் மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஏற்கெனவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.